முன்பக்கம் ஆயக்குடி, பின்பக்கம் கொடைக்கானல்

ஒரு தலையணை உறை நிறையத் தபால் உறைகள் வைத்திருக்கிறேன். தகர டப்பாவில் போட்டிருந்தால் கொடைக்கானல் ஈரத்துக்குத் துருவேறி எல்லாவற்றிலும் கறை படிந்திருக்கும். துணி என்றால் காற்றாடும். யோசனை என்னுடையது. உறைகள் எல்லாம் என் கணவர் அனுப்பியவை. அவர் இன்று இல்லை. அவர் எழுதிய கடிதங்களைவிட, அவற்றின்மேல் ஒட்டிய தபால்தலைகளைத்தான் நான் அடிக்கடி எடுத்துப் பார்க்கிறேன். ஏனென்றால் கடிதங்களில் படிக்க ஒன்றும் இருக்காது.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. சரி, குறையாகத்தான் சொல்கிறேன். கல்யாணமாகி மலைமேல் தனியாகக் கிடப்பவளுக்கு ஒரு மனிதர் எழுதுகிறார்: ‘நலம். நலமறிய ஆவல். இங்கு மழை இல்லை. குளிருக்குக் கம்பளி போட்டுக்கொள்ளவும்.’ அவ்வளவுதான் கடிதம். போட்டுக்கொள்ளவுமாம்! முனிசிபாலிட்டி நோட்டீஸ்கூட இன்னும் நாலு வரி பேசும். அவர் தபால் ஆபீஸில் கிளார்க். ஊரார் கடிதங்களை நாள் முழுக்கத் தொட்டுத் தொட்டு, கடிதம் என்ற சரக்கின் மேலேயே அவருக்கு அலுப்புத் தட்டிவிட்டதோ என்னவோ.

ஆனால் தலை ஒட்டுவதில் அவரை யாரும் குறை சொல்ல முடியாது. ஒரு மயிரிழை சாயாமல், மூலைக்கு மூலை சரியாக, தலை அங்கே தானாக முளைத்தது மாதிரி இருக்கும். அந்தத் தலைக்குள் ஒரு மரம் பூத்திருக்கும். புரசு, மாவிலங்கம், சரக்கொன்றை, மந்தாரை. நம் நாட்டுப் பூமரங்கள் நான்கைப் போட்டு எண்பதுகளின் தொடக்கத்தில் தபால் துறை நான்கு தலைகள் வெளியிட்டது. அவை வந்த நாளிலிருந்து, ஒரே ஒரு தடவை தவிர, எனக்கு வேறு எதையும் அவர் ஒட்டி அனுப்பியதில்லை.

எங்களுக்குக் கல்யாணம் நடந்தது எழுபதுகளின் கடைசியில். நான் அப்போதே கொடைக்கானலில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். பெண்பிள்ளைகள் ஹாஸ்டலுக்கு வார்டனும் நான்தான். வார்டன் ஹாஸ்டலுக்குள்ளேயே தங்க வேண்டும். உள்ளே ஆண்கள் வரக்கூடாது. கணவனும் ஆண்தானே? அவர் என்னைப் பார்க்க வந்தால் விசிட்டர்ஸ் ரூமில், கதவை விரியத் திறந்து வைத்துக்கொண்டு, பிள்ளைகளின் அப்பாமார் உட்காரும் பெஞ்சில் உட்கார வேண்டும். மணி அடித்தால் எழுந்து போக வேண்டும். ஜன்னலுக்கு வெளியே வரிசையாக ரெட்டைச் சடைகள் தெரியும். வார்டன் மிஸ் வீட்டுக்காரர் காபி குடிப்பதைப் பார்க்க அத்தனை கூட்டம்.

இரண்டு மூன்று முறை வந்து பார்த்தார். அப்புறம் ஒரு நாள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “இங்க உட்கார்ந்தா பொண்டாட்டியப் பார்க்க வந்தவன் மாதிரியே இல்ல. பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட வந்தவன் மாதிரி இருக்கு.”

அப்போது அவருக்கு ஒட்டன்சத்திரத்தில் வேலை. காய்கறிக் கமிஷன் கடைக்காரர்களின் தந்திகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பிறகு ஆயக்குடிக்கு மாற்றினார்கள். அங்கே கொய்யாச் சீசனில் ஊரே கொய்யா மணக்கும். அவர் அனுப்பும் உறையிலும் அந்த வாசனை இருப்பதாக எனக்குத் தோன்றும். ஹாஸ்டல் பிள்ளைகள் மோந்து பார்த்துவிட்டு இல்லை என்று சத்தியம் செய்தார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்?

அந்தக் காலத்தில் ஒரு கடிதத்துக்கு இரண்டு முத்திரை விழும். புறப்படும் ஊரில் தலையின்மேல் ஒன்று. போய்ச் சேரும் ஊரில் உறையைத் திருப்பி முதுகில் ஒன்று, சேர்ந்த தேதியோடு. ஆக, என்னிடம் இருக்கும் உறைகள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் முன்பக்கம் ஆயக்குடி, பின்பக்கம் கொடைக்கானல். கல்யாணத்துக்குப் பிறகு அவருடைய ஊரும் என்னுடைய ஊரும் சேர்ந்து இருந்த இடம் அந்தக் காகிதம் ஒன்றுதான். அதிலும் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டிக்கொண்டு.

எனக்கு அப்போது இருந்தது ஒரே ஆசை. அவருக்குக் கொடைக்கானல் தபால் ஆபீஸுக்கு மாற்றல் கிடைக்க வேண்டும். கிடைத்தால் வார்டன் வேலையை விட்டுவிட்டு, வெறும் டீச்சராக, மூஞ்சிக்கல் பக்கம் ஒரு வீடு பிடித்து அவரோடு இருக்கலாம். வீட்டைக்கூடப் பார்த்து வைத்திருந்தேன். ஓட்டு வீடு, கணப்புக்குப் புகைபோக்கி உண்டு, பின்னால் இரண்டு பேரிக்காய் மரம். அதில் வேறு யாரோ குடியிருந்தார்கள். கடைவீதிக்குப் போகும்போதெல்லாம் சுற்று வழியில் போய் அந்த வீட்டைப் பார்த்துவிட்டு வருவேன். அவர்கள் காலி செய்ய வேண்டும் என்று ஜெபம் செய்திருக்கிறேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் சந்தித்துக்கொண்டது பெருமாள்மலையில். பழனியிலிருந்து ஏறி வரும் பாதை கொடைக்கானல் ரோட்டில் சேரும் இடம் அது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை அவர் கீழேயிருந்து பஸ்ஸில் வருவார், நான் மேலேயிருந்து இறங்குவேன். “ஆளுக்குப் பாதி வழி” என்று அவர் பெருமையாகச் சொல்வார். உண்மையில் அவருக்கு முக்கால், எனக்குக் கால். அதை நான் திருத்தவில்லை. பஸ் நிற்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே ஒரு மந்தாரை மரம் நின்றது. அதன் அடியில் டீக்கடை பெஞ்சு. அவர் மஃப்ளரைக் காது வரை சுற்றிக்கொண்டு, தலையில் குரங்குக் குல்லாய் போட்டுக்கொண்டு இறங்குவார். அந்தக் குளிருக்கே அப்படி. நான் ஒரு ஸ்வெட்டரோடு நின்று சிரிப்பேன். அவர் இருமுவார். அதற்கும் சிரிப்பேன்.

“உங்க கையால கொடைக்கானல் சீல் அடிக்கிறத நான் என்னைக்குப் பார்க்கப் போறேன்?” என்று கேட்பேன்.

“எழுதிப் போட்டிருக்கேன்ல. வரும்.”

“வருஷா வருஷம் இதையேதான் சொல்றீங்க.”

“வருஷா வருஷம் எழுதிப் போடுறேன்ல.”

கீழே போகும் பஸ் முதலில் வரும். அவர் ஏறி, ஜன்னல் பக்கம் இடம் பிடித்து, கையை ஆட்டாமல் என்னையே பார்த்துக்கொண்டு போவார். கை ஆட்டத் தெரியாது அவருக்கு. நான் மட்டும் பைத்தியக்காரி மாதிரி பஸ் திரும்பும் வரை ஆட்டிக்கொண்டு நிற்பேன். பிறகு என் பஸ் வரும் வரை அந்த மந்தாரைக்குக் கீழே தனியாக உட்கார்ந்திருப்பேன். மாதத்தில் அந்தக் கொஞ்ச நேரம்தான் எனக்குப் பொறுக்கவே முடியாத நேரம். மற்ற நாளெல்லாம் வேலையில் ஓடிவிடும்.

மரத்தலைகளை அனுப்புவதில் அவர் ஒரு முறை வைத்திருந்தார். புரசு தன் பக்கத்தில் பூத்தால்தான் புரசுத் தலை ஒட்டுவார். ஆயக்குடிக்கு மேற்கே மலையடிவாரத்தில் பூத்திருக்கிறதா என்று சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு வருவார். சண்முகநதிக் கரையில் மாவிலங்கம் வெளுத்துப் பூக்கும்போது மாவிலங்கம். வெயில் ஏறிக் கொன்றை தொங்கும்போது கொன்றை. பெருமாள்மலை மந்தாரை பூத்த மாதம் மந்தாரை. அந்தத் தலைக்கு விலை அதிகம், சாதாரணக் கடிதத்துக்கு அதில் கால்வாசியே போதும். ஆனாலும் அதையே ஒட்டுவார். பூக்காத மாதங்களில் என்ன செய்வார்? கடிதமே போடமாட்டார். நான் பெருமாள்மலையில் சண்டை பிடித்தபிறகு, பூக்காத மாதங்களில் வெறும் போஸ்ட் கார்டு வரும். ‘நலம். ஒன்றும் பூக்கவில்லை.’

மேலே என் பக்கத்தில் அந்த நான்கில் ஒன்றும் கிடையாது. யூகலிப்டஸும் பைனும் வாட்டிலும், வெள்ளைக்காரன் வைத்துவிட்டுப் போன மரங்கள்தான் டவுனைச் சுற்றிலும். அதனால் உறை வந்ததும், இன்று கீழே என்ன பூத்திருக்கிறது, அவர் எந்தப் பாதையில் சைக்கிள் மிதித்திருப்பார் என்று எனக்குத் தெரிந்துவிடும். உள்ளே இருக்கும் நாலு வரியைப் பிறகு சாவகாசமாகப் படிப்பேன்.

அவர் முத்திரை அடிப்பதிலும் ஒரு பதம் இருந்தது. பூவின்மேல் படாமல், தலையின் ஓரத்தை மட்டும் தொடும்படி, மையை ஒற்றி எடுத்துவிட்டு மெதுவாக அடிப்பார். அதுதான் வினையாயிற்று. கொடைக்கானலில் எங்கள் பக்கம் வரும் போஸ்ட்மேன் விதிமுறையைக் கரைத்துக் குடித்தவர். முத்திரை சரியாக விழவில்லை என்று அவருக்குப் பட்டால், பால்பாயிண்ட் பேனாவால் தலையின் குறுக்கே ஒரு பெருக்கல் குறி போட்டுவிடுவார். முதல் கொன்றை வந்தபோது, தொங்கும் மஞ்சள் சரத்தின்மேல் நீலக் கோடு!

“என்னங்க இது அநியாயம்?” என்றேன்.

“ரூல் மிஸ். சீல் விழலேன்னா கோடு போட்டுரணும். இல்லேன்னா கழட்டி மறுபடி ஒட்டி அனுப்பிருவாங்கல்ல?”

“நான் அப்படிச் செய்யுற ஆளா?”

“நீங்க செய்ய மாட்டீங்க மிஸ். ரூல்னா எல்லாருக்கும்தான?”

அவரோடு பேசி ஜெயிக்க முடியாது. என் கணவரிடம் சொன்னேன், கொஞ்சம் அழுத்தி அடியுங்கள் என்று. “பூ மேல எப்படி அடிக்க?” என்றார். அவராலும் முடியவில்லை. ஆக ஆயக்குடியில் அவர் தடவிக்கொடுத்து அனுப்புவார், இங்கே இவர் கோடு கிழித்துக் கொடுப்பார்.

ஒரு மாசி மாதம் வந்த உறையை என்னால் மறக்க முடியாது. போஸ்ட்மேன் அதை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு வந்தார். உறை முழுக்கச் செம்மஞ்சள் கறை. ஒரு பொடிசு, “மிஸ், உங்க லெட்டருக்கு ரத்தம் வருது” என்று கத்தினாள். திறந்தால் உள்ளே, நாலு வரிக் கடிதத்தோடு ஒட்டிப்போய், நசுங்கிக் கூழான ஒரு புரசம் பூ. தினம் பத்துப் பேரிடம் ‘கவருக்குள்ள நசுங்குற சாமான் வைக்காதீங்க, சீல் அடிச்சா கூழாயிரும்’ என்று சொல்கிற மனிதர், பச்சைப் பூவை உள்ளே வைத்து ஒட்டியிருக்கிறார். தன் ஆபீஸில் மெதுவாகத்தான் அடித்திருக்கிறார். இங்கே வந்து சேர்ந்ததும் முதுகில் ஒரு முத்திரை விழும், அதை அடிப்பவர்கள் தடவிக்கொடுப்பவர்கள் அல்ல என்பது அவருக்கு ஞாபகமே வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை பெருமாள்மலையில் பிடித்துக்கொண்டேன். “நாள் முழுக்க சீல் அடிக்கிறவருக்கு சீல் மறந்து போகுமா?”

அவர் டீ டம்ளரை உள்ளங்கையில் உருட்டினார். “பூவப் பார்த்தேன். ஒன்னைய நெனச்சேன். உள்ள போட்டுட்டேன். அம்புட்டுத்தான்.”

எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவர் பேசிய மிக நீளமான காதல் வசனம் அதுதான். அன்றைக்கு அவர் பஸ் கிளம்பியபோது கைகூட ஆட்டவில்லை நான்.

என் பங்குக்கு நானும் ஒரு மரம் அனுப்பினேன். அந்த நான்கு தலைகளுக்குச் சில வருஷம் முன்னால், நம் நாட்டுப் பூக்கள் என்று வேறு சில தலைகள் வந்திருந்தன. அவற்றில் ஒன்று கொத்துக் கொத்தாகச் சிவந்து பூக்கும் ஒரு மலைமரத்துப் பூ. இமயமலைப் பக்கம் அது பெயர் பெற்ற மரம். அதன் பங்காளி ஒன்று பழனி மலையின் உச்சிப் பக்கங்களிலும் உண்டு. காட்டுப்பூவரசு என்பார்கள். அந்தத் தலையில் இரண்டைப் பிரம்மச்சாரியாக இருந்தபோதே வாங்கிப் பத்திரப்படுத்தியிருந்தார். இரண்டையும் என்னிடம் கொடுத்து, “இது கீழ பூக்காது. ஒன் மலையில பூக்கையில நீ அனுப்பு” என்றார்.

எங்கள் ஹாஸ்டலில், கொடைக்கானலுக்கும் மேலே இருக்கும் பூண்டி கிராமத்திலிருந்து ஒரு பெண் படித்தாள். அவளுடைய அம்மா வெள்ளைப்பூண்டும் கேரட்டும் போடும் குடும்பத்துக்காரி. லீவு நாளில் நான் அவளோடு பஸ் ஏறிப் பூண்டிக்குப் போனேன். அந்த அம்மா களையெடுப்பைப் பாதியில் போட்டுவிட்டு, தோட்டத்துக்கு மேலே சோலைக்காட்டு ஓரம் என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். முறுக்கிய மரம், கரடுமுரடான பட்டை, அத்தனை கொப்பிலும் ரத்தச் சிவப்பு. நான் கைப்பையைத் திறந்து உறையை எடுத்தேன்.

“இந்தப் பூவுக்கா டீச்சர் இம்புட்டுத் தூரம் வந்தீங்க? சொல்லியிருந்தா மக கையில ஒரு கொப்பையே ஒடிச்சுக் குடுத்து விட்டிருப்பேனே.”

“மரத்தடியில நின்னு ஒட்டி, இந்த ஊரு சீலோட அனுப்பணும்மா. வீட்டுக்காரருக்கு.”

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். சிரிக்கவில்லை. “அவுக எங்க இருக்காக?”

“ஆயக்குடி.”

“ஐயோ பாவம்” என்றாள், அவரையா என்னையா என்று தெரியவில்லை. “சரி, வெரசா ஒட்டுங்க. மஞ்சு இறங்குது. அப்புறம் மரமும் தெரியாது, நீங்களும் தெரிய மாட்டீங்க.”

அந்த உறைக்குள் இரண்டு தாள் நிறைய எழுதி வைத்திருந்தேன். ஹாஸ்டல் கதை, வீட்டுக் கனவு, இரவில் வரும் நினைப்பு எல்லாம். பதில் வந்தது: ‘நலம். பூ கிடைத்தது. பூண்டி முத்திரை தெளிவாக இல்லை. இங்கு மழை இல்லை.’ அன்று நான் அழுதேனா சிரித்தேனா என்பது எனக்கே நிச்சயமில்லை. மீதி ஒரு சிவப்புத் தலையை என் ஞானப்பாட்டுப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பிள்ளைகள் தூங்கும் மத்தியானத்தில் நான் குறிஞ்சி ஆண்டவர் கோயில் பக்கம் நடப்பேன். உள்ளே போகமாட்டேன். வெளியே நின்றால், பனி விலகிய நாளில் பழனி மலைக்கோயிலும் அதைச் சுற்றிச் சமவெளியும் தெரியும். அந்தப் பச்சையிலும் புழுதியிலும் எங்கோ ஆயக்குடி. எது என்று எனக்குத் தெரியாது. மரக்கூட்டமாக இருக்கும் ஏதாவது ஒரு இடத்தை ஆயக்குடி என்று வைத்துக்கொள்வேன். அடுத்த வாரம் வேறு இடம். பார்த்துக்கொண்டே நிற்பேன். கண்ணுக்கு எதிரே கிடக்கும் ஊருக்கு இறங்கிப் போக முடியவில்லையே என்று ஆற்றாமையாக இருக்கும். சாமி கும்பிட வந்தவர்கள் என்னைப் பார்த்து நகர்ந்து வழிவிடுவார்கள்.

கடைசியில் மாற்றல் வந்தது. எப்படி வந்தது என்று எனக்கு இன்றும் புரியவில்லை. மேலிடத்தில் யாருக்கோ சலித்துப்போயிருக்க வேண்டும். பேரிக்காய் மர வீட்டில் வேறு ஆட்கள்தான் இருந்தார்கள். அதற்கு நாலு வீடு தள்ளி ஒன்று கிடைத்தது. நான் வார்டன் சாவிக்கொத்தைத் திருப்பிக் கொடுத்தபோது பிள்ளைகள் சிலர் அழுதார்கள். நான் அழவில்லை. அன்று எனக்கு யார் அழுதாலும் காதில் விழுந்திருக்காது.

அவர் ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு சைக்கிள், ஒரு கூடை கொய்யாவோடு வந்து இறங்கினார். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு நான் தபால் ஆபீஸில் நின்றேன், ஒரு கார்டு வாங்க. உண்மையில் பார்க்கத்தான். அவர் முத்திரையைத் தூக்கி, மையில் ஒற்றி, யாரோ ஒருவருடைய உறையின்மேல் ‘கொடைக்கானல்’ என்று அடித்தார். தலை நிமிர்ந்து என்னைப் பார்த்து, “அடுத்த ஆள்” என்றார். நான் ரோடெல்லாம் சிரித்துக்கொண்டே பள்ளிக்கூடம் போனேன்.

அந்த மாதங்களைப் பற்றிச் சொல்ல எனக்கு வராது. காலையில் வெள்ளனே எழுந்து இருவரும் ஒரே அடுப்பில் குளிர் காய்ந்தோம். அவர் எனக்குக் கடிதமே எழுதவில்லை. எதற்கு எழுத வேண்டும்? எப்போதாவது உறை கேட்டு நான் கேலி செய்தால், “நலம். நலமறிய ஆவல்” என்று அறையின் அந்தக் கோடியிலிருந்து சொல்வார். மழை பிடித்துக்கொண்டபோது, அவர் கொண்டுவந்த புதுத் தலைகள் ஈரத்தில் பசை இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. புரசும் கொன்றையும் மாவிலங்கமும் பிரிக்க முடியாத ஒரே கட்டி. நான் வருத்தப்பட்டேன். “விடு. நமக்குள்ள ஒட்டி அனுப்புற சோலி இல்லேன்னு தெரிஞ்சதும் அதுகளே ஒட்டிக்கிருச்சு” என்றார்.

அந்த மழையில்தான் இருமல் இழுப்பாக மாறியது. முதலில் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். பிறகு உட்கார்ந்திருந்தாலே. இரவில் தலையணையை நிமிர்த்தி வைத்துச் சாய்ந்துகொண்டு, நெஞ்சுக்குள் விசில் அடிப்பது போல ஒரு சத்தத்தோடு விடியும்வரை இருப்பார். பெருமாள்மலையில் நான் சிரித்த அதே இருமல். நான் கணப்பில் விறகு போட்டபடியே இருப்பேன். புகை அவருக்கு இன்னும் ஆகவில்லை. விறகை நிறுத்தினால் குளிர் ஆகவில்லை.

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. “மிஸ், இவருக்கு இந்த ஈரமும் குளிரும் ஒத்துக்காது. மருந்து எவ்வளவு குடுத்தாலும் இதேதான். கீழ கூட்டிட்டுப் போயிருங்க. அடுத்த மழைக்கு இங்க இருக்கக் கூடாது.”

வீட்டுக்கு வந்து அவர் மஃப்ளரைக் கழற்றி ஆணியில் மாட்டினார். நான்தான் தொடங்கினேன். மறுபடி ஆயக்குடிக்கே கேட்டு எழுதிப் போடுங்கள் என்றேன்.

“எத்தனை வருஷம் எழுதிப் போட்டு வாங்கினது.”

“வாங்கினதத் திருப்பிக் குடுங்க.”

“நீ?”

நானும் வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்றேன். அவர் ஒப்பவில்லை. அவருடைய அப்பா படுத்த படுக்கையாக இருந்தார், அவர் சம்பளம் அந்த மருந்துக்கே சரி. என் தம்பிகள் இரண்டு பேரும் என் சம்பளத்தில்தான் படித்துக்கொண்டிருந்தார்கள். கீழே எனக்கு வேலை தர எந்தப் பள்ளிக்கூடமும் காத்திருக்கவில்லை. இதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் சொன்னேன். நான் சொன்னேன் என்பதாவது இருக்கட்டும் என்று.

மூன்று நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. நாலாம் நாள் விண்ணப்பத்தை நானே என் கையெழுத்தில் எழுதி, அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் மேல் இருந்த கோபத்தில் இல்லை. அந்த மலைமேல் இருந்த கோபத்தில். எனக்குச் சோறு போட்ட மலை, நான் காதலித்த மஞ்சும் மழையும், இந்த ஒரு மனிதரை மூச்சுவிடக்கூட விடவில்லையே என்று. அவர் படித்துப் பார்த்தார். ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தினார். கையெழுத்துப் போட்டார்.

இந்த முறை மாற்றல் உடனே வந்தது. மேலே வரத்தான் வருஷக்கணக்கு. கீழே போக யாரும் தடுக்கவில்லை.

அவர் போன நாள் வெயில் அடித்தது. அதுவும் எரிச்சலாக இருந்தது எனக்கு. மத்தியானம் ஆபீஸில் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு, மாலை பஸ்ஸுக்கு நேராக வந்தார். டிரங்குப் பெட்டியை மேலே ஏற்றினோம். சைக்கிளையும் ஏற்றினோம். “வீட்டக் காலி பண்ணிட்டு ஹாஸ்டலுக்கே போயிரு. தனியா இருக்காத” என்றார். “கம்பளி போட்டுக்க” என்றார். ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார். வழக்கம்போலக் கையை ஆட்டவில்லை. நானும் ஆட்டவில்லை. பஸ் போன பிறகும் அங்கேயே நின்றிருந்தேன், ஒரு டாக்ஸிக்காரர், “எங்க மிஸ் போகணும்?” என்று கேட்ட பிறகுதான் நகர்ந்தேன்.

பல வருஷம் கழித்து, நான் ஓய்வு பெற்றுக் கீழே இறங்கி, அவருடைய கடைசிக் காலத்தில் கூடவே இருந்தேன். அதுவரை பழையபடி பெருமாள்மலை, பழையபடி உறைகள். அவற்றால்தான் தலையணை உறை நிறைந்திருக்கிறது. ஆனால் அதில் ஒன்றைத் தனியாக வைத்திருக்கிறேன்.

அவர் பஸ் ஏறியதற்கு மறுநாள் காலை அது வந்தது. வீட்டில் பாதிச் சாமானைக் கட்டி முடித்திருந்தேன். வாசலில் போஸ்ட்மேன். அவரும் என் கணவரும் இந்த மாதங்களில் நல்ல சிநேகிதம் ஆகியிருந்தார்கள்.

“மிஸ், கவர்.”

ஒரு ராத்திரிக்குள் ஆயக்குடியிலிருந்து எப்படிக் கடிதம் வரும் என்று நினைத்துக்கொண்டே வாங்கினேன். வலது மூலையில் சிவப்புப் பூ. என் ஞானப்பாட்டுப் புத்தகத்துக்குள் நான் வைத்திருந்த கடைசிக் காட்டுப்பூவரசு. எப்போது எடுத்தார் என்று தெரியவில்லை. எப்போதும்போல மூலைக்கு மூலை சரியாக ஒட்டியிருந்தது. ஆனால் முத்திரை ஓரத்தில் இல்லை. பூவின் நடுவில், கறுகறுவென்று, ஒரு எழுத்துக்கூடச் சிதையாமல் விழுந்திருந்தது. கொடைக்கானல்.

“கோடு போடுற வேலை இல்ல மிஸ்” என்றார் போஸ்ட்மேன். “மெதுவா அடிச்சா நீ கிறுக்கிருவேன்னு சொல்லிட்டு, சாரே அழுத்தி அடிச்சாரு.”

திருப்பிப் பார்த்தேன். முதுகிலும் கொடைக்கானல்.

“அதுவும் சார் அடிச்சதுதான். நேத்து கெளம்புறதுக்கு முன்னாடி. பின்னால உள்ளது இன்னைக்குத் தேதியில விழணும் மிஸ், நான் சொன்னேன், ரூல் அதுதான்னு. ‘இருக்கட்டும்யா’ன்னாரு. ரெண்டுலயும் நேத்துத் தேதியவே அடிச்சு, என் கையில குடுத்து, காலையில கொண்டு போய்க் குடுத்திருன்னாரு.” அவர் பையைத் தோளில் மாற்றிக்கொண்டார். “நானும் தேதிய மாத்தல.”

உள்ளே நாலு வரி. ‘நலம். நலமறிய ஆவல். இங்கு மழை விட்டிருக்கிறது. கம்பளி போட்டுக்கொள்ளவும்.’

இங்கு என்று எழுதியிருந்தார். கீழே ‘கொடைக்கானல்’ என்று ஊர்ப் பெயர் போட்டிருந்தார்.

கட்டி வைத்த மூட்டையின்மேல் உட்கார்ந்து அந்த உறையை முன்னும் பின்னும் திருப்பிக்கொண்டே இருந்தேன். இரண்டு பக்கமும் ஒரே ஊர், ஒரே தேதி, ஒரே கை. நான் இத்தனை வருஷமாக அவரிடம் கேட்டது அதுதான். அந்தத் தேதியில், சாயங்காலம் பஸ் கிளம்பும் வரை, நாங்கள் இரண்டு பேரும் ஒரே ஊரில்தான் இருந்தோம்.